லாப்ரடார் குட்டியின் இதயம் 270 துடித்தால்: நாய்களின் பிறவித் துடிப்புக் கோளாறுகள்

கேள்வி: எங்கள் ஆண் லாப்ரடாருக்கு 11 மாதம். இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வப்போது வாந்தி, வயிறும் உப்பிக்கொண்டே வந்தது. குடல் பிரச்சினை என்று மருந்து கொடுத்துப் பார்த்தோம். பிறகு ஸ்கேன் எடுத்ததில் இதயம் பெரிதாகி வலுவிழந்திருக்கிறது, ஈசிஜியில் நிமிடத்துக்கு 270 துடிக்கிறது, பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். இதயமே போய்விட்டது, கஷ்டப்படுத்தாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. காப்பாற்ற வழி இருக்கிறதா?

பதில்:

ஊசி வேண்டாம். அந்தப் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

இளம் லாப்ரடார், படுத்திருக்கும்போதே 270 துடிப்பு, விரிந்துபோன இதயம் மூன்றும் சேர்ந்து வந்தால், திரும்பச் சரியாகக்கூடிய ஒரு நோயாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் யாரும் முடிவு கட்டக் கூடாது. இதயத் தசை கெட்டுப்போனதால் துடிப்பு தறிகெட்டதா, துடிப்பு தறிகெட்டதால் தசை களைத்துப்போனதா? எக்கோ ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அறைகள் விரிந்திருக்கும், சுவர்கள் சோம்பலாக அசையும். முதல் வகையில் தசையின் நோய் போகப்போக முற்றும். இரண்டாம் வகையில் துடிப்பை அடக்கிவிட்டால் சில வாரங்களில் தசை தேறத் தொடங்கும். சில மாதங்களில் இதயம் பழைய அளவுக்கே வந்துவிடுவதும் உண்டு.

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. 1962-ல் அமெரிக்க ஆய்வாளர் விப்பிளும் அவருடைய குழுவினரும் நல்ல ஆரோக்கியமான நாய்களின் இதயத்தை மின்தூண்டல் கொடுத்து நாள்கணக்கில் வேகமாக ஓடவிட்டார்கள். எந்த நோயும் இல்லாத அந்த இதயங்கள் வேகத்தாலேயே செயலிழப்புக்குப் போயின. தூண்டலை நிறுத்தியதும் மீண்டன. மனிதர்களின் இதயச் செயலிழப்பைப் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் இந்த முறைதான் ஆய்வுக்கூடங்களில் பயன்பட்டது. அந்த நாய்கள் பட்ட பாட்டில் கிடைத்த அறிவு இன்று உங்கள் வீட்டு நாய்க்குப் பயன்படுவதுதான் நியாயம்.

சரி, அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? இதயத்தின் மேலறைகளும் கீழறைகளும் மின்சார ரீதியாக ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நார்த்திசுவால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வலது மேலறையில் பிறக்கும் மின்னலை கீழே இறங்க ஒரே ஒரு அனுமதிக்கப்பட்ட வழி உண்டு. அது ஏவி கணு. அலையைச் சற்று நிறுத்தி, மேலறை சுருங்கி முடித்து ரத்தம் கீழே இறங்க அவகாசம் கொடுத்த பிறகே அது அலையைக் கீழே விடும். நெடுஞ்சாலையில் வரும் வண்டிகள் எல்லாம் சுங்கச்சாவடியில் நின்றுதான் போக வேண்டும் என்பது போல. சில குட்டிகளுக்குக் கருவில் இதயம் உருவாகும்போது அந்த நார்த்திசுத் தடுப்பில் மெல்லிய தசை இழை ஒன்று மறையாமல் எஞ்சி நின்றுவிடுகிறது. சாவடியைச் சுற்றிப் போகிற ஊர்ப்பாதை அது. மருத்துவத்தில் இதைக் கூடுதல் மின்பாதை என்பார்கள்.

பிறந்த நாள் முதல் அது அங்கேயே இருக்கும். பல மாதங்கள் ஒன்றும் செய்யாது. ஒருநாள் முன்கூட்டியே விழும் ஒற்றைத் துடிப்பு ஒன்று நேரம் பார்த்து வரும்போது, அலை ஏவி கணு வழியாகக் கீழே இறங்கி, கூடுதல் பாதை வழியாக மேலே ஏறி, மறுபடியும் கணு வழியாக இறங்கி, நிற்காமல் சுற்ற ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஒரு துடிப்பு. நாய்களில் இந்தச் சுற்று நிமிடத்துக்கு 200-லிருந்து 300 வரைகூட ஓடும். உங்கள் நாயின் 270-ஐக் கணக்கிட்டால் ஒரு துடிப்புக்குக் கால் நொடிகூடக் கிடைக்கவில்லை. அந்த நேரத்துக்குள் கீழறை நிரம்பவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். நிரம்பாத அறை எதைத் தள்ளும்? ரத்தம் வந்த வழியிலேயே தேங்குகிறது, கல்லீரல் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோக்கிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் பசி போய்விடுகிறது, வாந்தி வருகிறது.

இதனால்தான் முதலில் குடல் பிரச்சினை என்று மருந்து கொடுத்தார்கள். அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த நோயில் பல நாய்கள் வயிற்றுக் கோளாறு மாதிரியேதான் வந்து நிற்கும். மயங்கி விழுவது, மூச்சிரைப்பது போன்ற 'இதய' அறிகுறிகள் வராமலே போகலாம். ஆனால் லாப்ரடார் சாப்பாட்டைப் பார்த்து முகம் திருப்பினால், காரணம் தெரியும்வரை விடக் கூடாது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு வரியையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களில் இதே வகைக் கோளாறை 1930-ல் உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூன்று மருத்துவர்கள் விவரித்தார்கள். அவர்கள் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். அதில் சாதாரண நேரத்து ஈசிஜியிலேயே அடையாளம் தெரிந்துவிடும். நாய்களில் நிலைமை சற்றுச் சிக்கலானது. பெரும்பாலான நாய்களில் கூடுதல் பாதை கீழிருந்து மேலாக மட்டுமே அலையைக் கடத்தும். அதனால் வேகத்துடிப்பு நின்றிருக்கும் நேரத்தில் எடுக்கும் ஈசிஜி சுத்தமாக, அழகாக இருக்கும். 'ஈசிஜி நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வேகம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்த ஈசிஜி தாள் ஒன்று உங்களிடம் இருக்கிறதே, அது பெரிய விஷயம். மருத்துவமனையில் கேட்டு அசலையோ நல்ல புகைப்படத்தையோ வாங்கி வையுங்கள். இனி எந்த இதய நிபுணரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

அந்தத் தாளில் அவர் என்ன பார்ப்பார் என்று சொல்கிறேன். துடிப்புகள் அச்சுப் பிசகாத இடைவெளியில் இருக்கின்றனவா, கீழறை அலைகள் குறுகலாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார். அப்புறம் ஒவ்வொரு பெரிய அலைக்கும் பின்னால், அதன் தோளில் ஒட்டியது மாதிரி ஒரு சின்ன மேடு தெரிகிறதா என்று உருப்பெருக்கி வைத்துத் தேடுவார். மேலே ஏறிய அலை மேலறையைத் தட்டிய தடம் அது. இன்னொன்று, வேகம் எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது. காய்ச்சல், ரத்தசோகை, வலி, பயம் காரணமாக வரும் வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கூடுதல் பாதைச் சுற்று ஒரு துடிப்பில் தொடங்கி ஒரு துடிப்பில் நிற்கும். 270-லிருந்து அடுத்த நொடியே 110. துடிப்பை அடக்கும் மருந்தை நரம்பில் ஏற்றும்போது ஈசிஜி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் வற்புறுத்துவது அந்த ஒரு நொடியைப் பிடிக்கத்தான். மருந்துக்குத் துடிப்பு எப்படி நின்றது என்பதே பாதி நோயறிதல்.

ஈசிஜி பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது, நாய்க்கு வலிக்குமோ என்று. வலிக்காது. வலப்பக்கமாகப் படுக்க வைத்து, முட்டிப் பக்கம் தோலில் ஸ்பிரிட் தடவிக் கிளிப் மாட்டுவார்கள், அவ்வளவுதான். 1909-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் உடலியல் அறிஞர் அகஸ்டஸ் வாலர் தன்னுடைய புல்டாக் ஜிம்மியை உப்புத் தண்ணீர் ஜாடிகளில் பாதங்களை வைத்து நிற்கவிட்டு, அதன் இதய மின்னோட்டத்தைக் கூட்டத்துக்குக் காட்டினார். இது மிருகவதை என்று நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. தண்ணீரில் இருந்தது கொஞ்சம் சாப்பாட்டு உப்பு மட்டும்தான் என்று அமைச்சர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மனிதர்களுக்கான ஈசிஜி கருவியே நாய்க்கும் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தக் கருவி தானாக அச்சிட்டுத் தரும் 'அறிக்கை' மனித இதயத்தை வைத்துக் கணக்கிட்டது. அதை நம்ப வேண்டாம். கோடுகளை மருத்துவர் கண்ணால் படிக்க வேண்டும்.

வேறு காரணங்களையும் ஒதுக்கிவிட வேண்டும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். ரத்தம் வற்றிப் போன நாயின் இதயம் வேகமாகத்தான் ஓடும். பொட்டாசியம் தாறுமாறாக இருந்தாலும், குட்டியில் பார்வோ வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருந்தாலும் துடிப்பு கெடும். ஆகவே முழு ரத்தப் பரிசோதனை, உப்புகளின் அளவு, உண்ணி நோய்களுக்கான சோதனை மூன்றும் எடுத்துவிடுங்கள். எக்கோவில் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வால்வு பிறவியிலேயே சரியாக உருவாகாமல் இருப்பது லாப்ரடார்களில் அடிக்கடி காணப்படுவது. கூடுதல் பாதையும் சில நாய்களில் அதனோடு சேர்ந்தே வருகிறது. இரண்டும் இருந்தால் துடிப்பை அடக்கிய பிறகும் வால்வுக்கான வைத்தியம் தொடரும், எதிர்பார்ப்பையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வைத்தியம். முதல் வேலை ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை அறுப்பது. மருத்துவமனையில் ஈசிஜி பார்த்துக்கொண்டே நரம்பு வழியாக டில்டியாசெம், எஸ்மோலால் மாதிரி மருந்துகளை மெதுவாகக் கொடுப்பார்கள். இவை ஏவி கணுவில் அலையைத் தடுக்கும். லிடோகெய்ன் கூடுதல் பாதையையே தடுத்துச் சில நாய்களில் சுற்றை நிறுத்திவிடும். மனிதர்களுக்கு இந்த நிலையில் உடனே நினைவுக்கு வரும் அடினோசின், நாய்களில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. கழுத்தில் தாடைக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட இடத்தில் அழுத்தித் தேய்த்தும் சிலசமயம் நிறுத்தலாம். அதை டாக்டர் செய்யட்டும். இணையத்தில் பார்த்துவிட்டு நாயின் கண்ணை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சுற்று நின்றபின் அது திரும்ப வராமல் தடுக்கத் தினசரி மாத்திரை. டில்டியாசெம், சோட்டலால், அமியோடரோன் இவற்றில் ஒன்றோ, சேர்த்தோ. இதயம் வலுவிழந்திருக்கும்போது இவற்றில் சில அந்த வலுவை மேலும் குறைக்கும் என்பதால், குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். அமியோடரோன் நாய்களின் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதைக் கொடுத்தால் இடையிடையே ரத்தம் பார்க்க வேண்டும். வயிற்று நீருக்கு ஃப்யூரோசெமைடு, தசைக்கு வலுவூட்ட பிமோபென்டான் தற்காலிகமாகத் தேவைப்படும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நீர் இறக்கும் மருந்தும் வலுவூட்டும் மருந்தும் மட்டும் கொடுத்து, 270-ஐ அப்படியே ஓடவிட்டால் நாய் தேறாது. 'இதய மருந்து கொடுத்தும் பலனில்லை' என்ற முடிவுக்குப் பல வீடுகள் வருவது இப்படித்தான். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய அதே பெயருள்ள மாத்திரையை அளவு குத்துமதிப்பாகப் பிய்த்துக் கொடுக்கவும் வேண்டாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நிரந்தரத் தீர்வும் இருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய மின்கம்பிக் குழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, கூடுதல் பாதை இருக்கும் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, ரேடியோ அதிர்வெண் வெப்பத்தால் அந்த இழையைச் சுட்டுவிடுவார்கள். சுடும் இடம் சில மில்லிமீட்டர்தான். இத்தாலியில் ரொபெர்தோ சாந்தில்லியும் அமெரிக்காவில் கேத்தி ரைட்டும் நாய்களில் இதைச் செய்து, விளைவுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாதைகள் பெரும்பாலும் இதயத்தின் வலப்பக்கம் இருப்பதும், லாப்ரடார்களில் இது அதிகம் வருவதும், சரியாகச் சுட்டால் நாய் மாத்திரையே இல்லாமல் வாழ்வதும் இந்தப் பதிவுகளிலிருந்து தெரியவந்தவை. விரிந்திருந்த இதயம் அதற்குப் பிறகு சுருங்கிப் பழைய நிலைக்கு வந்ததையும் காட்டியிருக்கிறார்கள். நாய்களுக்கு இதைச் செய்யும் மையங்கள் உலகம் முழுவதுமே மிகச் சில. ஆகவே உங்களுக்கு நடைமுறை வழி மாத்திரைதான். அதிலேயே பல நாய்கள் நன்றாக இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை மாதிரி பெரிய இடத்தில் காட்டி, எக்கோவையும் ஈசிஜியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை வேலை செய்கிறதா என்பதை நாயின் உற்சாகத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி இருக்கிறது. மார்பில் முடியை மழித்து ஒட்டி, மேலே துணிச் சட்டை போட்டு வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நாய் வழக்கம்போல ஓடட்டும், தூங்கட்டும், வாசலில் நின்று குரைக்கட்டும். எந்த நேரத்தில் என்ன செய்தது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

வீட்டில் நீங்களே பார்க்கவும் வழி உண்டு. நாய் அசந்து தூங்கும்போது இடது முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் விலாவில் உள்ளங்கையை வையுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வளர்ந்த நாய் வீட்டில் நிம்மதியாக இருக்கும்போது 60-லிருந்து 120-க்குள் இருந்தால் கவலையில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் 40-க்கு இறங்குவதும் சகஜம். பால்குடிக் குட்டிகளுக்கு 200-ஐத் தாண்டினாலும் இயல்பே. சுற்று ஓடும்போது உங்களால் எண்ணவே முடியாது. கைக்குக் கீழே ஒரே படபடப்பாகத் தெரியும். எண்ண முடியவில்லை என்பதையே அளவாக எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தூக்கத்தில் மூச்சையும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் நுரையீரலில் நீர் சேர்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

இப்படி எண்ண ஆரம்பித்ததும் நிறையப் பேர் பதறிப்போய்க் கூப்பிடுவது வேறொரு காரணத்துக்காக. 'டாக்டர், துடிப்பு சீராகவே இல்லை, வேகமா வருது, அப்புறம் நின்னு நின்னு வருது.' ஆரோக்கியமான நாயின் இதயம் அப்படித்தான் துடிக்கும். மூச்சை இழுக்கும்போது வேகம் கூடும், விடும்போது குறையும். தூங்கும் நாயில் இரண்டு துடிப்புக்கு நடுவே இரண்டு நொடிக்கு மேல் இடைவெளி விழுவதும் உண்டு. மனிதர்களைவிட நாய்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். பக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களில் இன்னும் அதிகம். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒழுங்கின்மை நல்ல இதயத்தின் அடையாளம். படுத்துக் கிடக்கும் நாயில் அசைக்க முடியாத அளவுக்குச் சீராக, வேகமாக ஓடுவதுதான் பயப்பட வேண்டியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் ஜெர்மன் ஷெப்பர்டும் நிறைய வளர்கிறது. அந்த இனத்தில் வேறொரு மரபுவழித் துடிப்புக் கோளாறு இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிட்னி மொய்ஸ் குழுவினர் அதை விவரித்தார்கள். இங்கே கோளாறு கீழறைகளில். குட்டி பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும், நன்றாக ஓடும், தின்னும். எக்கோ சுத்தம். சாதாரண ஈசிஜியும் பெரும்பாலும் சுத்தம். ஆறேழு மாத வயதில் கோளாறு உச்சத்துக்குப் போகிறது. ஓட்டத்தின்போது வராமல், ஓய்விலும் தூக்கத்திலும், துடிப்பு மெதுவாகும் நேரத்தில்தான் கீழறை திடீரென்று நிமிடத்துக்கு 300-க்கும் மேல் தாறுமாறாக அடிக்கத் தொடங்குகிறது. பெரும்பாலும் சில நொடிகளில் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் குட்டி விழிக்காது. கீழறைச் சுவருக்கு வரும் நரம்புகள் சீராக வளராமல் திட்டுத்திட்டாக விடுபட்டிருப்பதையும் இந்த நாய்களில் பார்த்திருக்கிறார்கள்.

ராத்திரி விளையாடிவிட்டுப் படுத்த குட்டி விடியற்காலையில் விறைத்துக் கிடந்தால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்? பக்கத்து வீட்டுக்காரன் விஷம் வைத்துவிட்டான், பாம்பு கடித்துவிட்டது, கண் பட்டுவிட்டது. விஷமும் பாம்பும் உண்மையாகவே நடக்கிறவைதான். ஆனால் வாயில் நுரையில்லை, வாந்தியில்லை, கடிவாய் இல்லை, வயது 4 மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் இடையில், இனம் ஜெர்மன் ஷெப்பர்டு என்றால், ஆண்டுக்கணக்கில் ஓடப்போகும் பகையைத் தொடங்கும் முன் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இந்த நோயில் பரிசோதனையில் ஒன்றுமே அகப்படாது. இதயம் கண்ணுக்கு நன்றாக இருக்கும். விஷத்துக்கான தடயமும் இல்லாமல் இதயமும் சுத்தமாக இருந்தால், அந்தக் குட்டியோடு பிறந்தவற்றுக்கு ஹோல்டர் போட்டுப் பார்ப்பது அவசரமான வேலை. ஒன்றரை, இரண்டு வயதைத் தாண்டிவிட்ட நாய்க்கு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியத்தின் நோக்கம். சோட்டலாலைத் தனியாகக் கொடுத்தால் இந்தக் குட்டிகளில் கோளாறு கூடக்கூடும். மெக்ஸிலெட்டினோடு சேர்த்துக் கொடுக்கும்போதுதான் அது அடங்குகிறது. லாப்ரடாருக்குப் பொருந்திய அதே மருந்து இங்கே தனியாகத் தீங்கு செய்யலாம் என்பதைக் கவனியுங்கள். 'இதயத் துடிப்புக் கோளாறு' என்ற பொதுப்பெயரில் வைத்தியம் பார்ப்பது ஆபத்து.

பாக்ஸர் நாய்களின் கதை வேறு. அங்கே வலது கீழறைத் தசை சிறிது சிறிதாகக் கொழுப்பாகவும் நாராகவும் மாறுகிறது. 1983-ல் நீல் ஹார்ப்ஸ்டர் இதை விரிவாக எழுதினார். 2010-ல் கேத்ரின் மியர்ஸ் குழு ஸ்ட்ரையேட்டின் என்ற மரபணுவில் ஒரு குறையை இதனோடு தொடர்புபடுத்தியது. மரபணு பிறவியிலேயே இருந்தாலும் மயக்கம் வருவது பெரும்பாலும் நடுவயதில். பாக்ஸர் வளர்ப்பவர்கள் மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஹோல்டர் எடுப்பது நல்லது. இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஸ்பானியல், ரோடீசியன் ரிட்ஜ்பேக் இனங்களிலும் இளவயதுத் திடீர் மரணத்துக்கான மரபணுக் குறைகளைக் கண்டிருக்கிறார்கள்.

துடிப்பு மிக மெதுவாக இருக்கும் பிறவிக் கோளாறும் உண்டு, அபூர்வமாக. ஏவி கணுவில் அலை முழுவதும் தடைப்பட்டு, கீழறை தன்னிச்சையாக நிமிடத்துக்கு 40 என்று அடித்துக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து பெரிதாக உதவாது, பேஸ்மேக்கர்தான். அமெரிக்காவில் ஜேம்ஸ் புக்கானன் 1967-லேயே நோயுற்ற ஒரு நாய்க்கு அதைப் பொருத்தினார். இன்றும் மனிதர்களுக்கான கருவியையே கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் பொருத்துகிறார்கள். அப்படிப் பொருத்திய நாய்க்குக் கழுத்துப்பட்டை கட்டக் கூடாது. மார்பைச் சுற்றும் ஹார்னஸ்தான் போட வேண்டும்.

மயங்கி விழுந்தால் அது இதயத்தாலா, வலிப்பா என்ற குழப்பம் வரும். இதய மயக்கத்தில் நாய் சட்டென்று துவண்டு விழும், சில நொடிகள் விறைக்கவும் கூடும், ஒரு நிமிடத்துக்குள் எழுந்து ஒன்றும் நடக்காத மாதிரி வாலாட்டும். வலிப்பில் கால்களை உதைப்பது, வாயில் எச்சில் வழிவது, முடிந்தபின் வெகுநேரம் ஆள் அடையாளம் தெரியாமல் சுற்றுவது அதிகம். உங்கள் கண்ணால் பார்த்ததை விவரிப்பதைவிட மொபைலில் எடுத்த அரை நிமிட வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும். வீடியோ எடுக்கும்போதே ஈறின் நிறத்தையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உடன்பிறந்த குட்டிகளைப் பற்றி. லாப்ரடார்களில் இந்தப் பாதைக் கோளாறு குடும்ப வழியில் வருவதற்கான அறிகுறிகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்ளும் மரபணுச் சோதனை இதற்கு இல்லை. குட்டி விற்றவரிடம் சொல்லுங்கள், சண்டைக்காக வேண்டாம், மற்றக் குட்டிகளை வாங்கியவர்களுக்குத் தகவல் போக வேண்டும். சாப்பிடாமல் சோர்ந்தால் அவர்களும் உடனே துடிப்பை எண்ணிப் பார்க்கட்டும். சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அது வம்சாவளிக்கான தாள். இதயத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதே பெற்றோரை மறுபடி இணை சேர்ப்பதை நிறுத்துவதுதான் வளர்ப்பவர் செய்யக்கூடிய நேர்மையான காரியம்.

உங்கள் நாயையும் இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம். கருத்தடை அறுவைக்கு அவசரமில்லை. துடிப்பு மருந்துக்கு அடங்கி, எக்கோவில் இதயம் தேறியது உறுதியான பிறகு செய்யலாம். மயக்க மருந்து கொடுப்பவரிடம் கோளாறின் பெயரையும் மாத்திரைகளையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், ஈசிஜி மாட்டியபடிதான் அறுவை நடக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அன்று காலை மாத்திரையை நிறுத்தலாமா கூடாதா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, துடிப்பு அடங்கி ஒரு மாதம் கழித்து எடுக்கப்போகும் எக்கோவுக்கு இப்போதே நாள் குறித்து வையுங்கள். இப்போதைய அளவுகளையும் அன்றைய அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தசை கெட்டதா, களைத்ததா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.